பிஸ்கட் டின்னில் இருந்த முடிவுகள்

அக்காவின் வலது கண்ணில் பஞ்சு வைத்து பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. டிக்கோயா ஆஸ்பத்திரியில் கண் ஆபரேஷன் முடிந்து அது மூன்றாம் நாள். டிவி பார்க்கக் கூடாது, குனியக் கூடாது, அடுப்படிப் பக்கம் போகக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். முப்பது வருடத்துக்கு மேல் தேயிலைக் கொழுந்து பறித்த கை, செய்ய ஒன்றும் இல்லாமல் மடியில் கிடந்தது. அட்டனில் என் வீட்டு முன் அறையில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

"ஸ்டெல்லா, அந்தச் செம்பிறை கதைய வாசியேன். புத்தகந்தான் வாங்கி வச்சிருக்கியே" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. புத்தகத்தை வாங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. அலமாரியில் சேலைகளுக்குப் பின்னால் அதை மறைத்து வைத்திருந்தேன். ஒரு கண்ணில் வெள்ளை படர்ந்திருந்த காலத்திலேயே அக்கா அதைக் கண்டுபிடித்திருக்கிறாள். எழுத்துக் கூட்டி பஸ் போர்டு வாசிக்கும் அளவுக்குத்தான் அவளுக்குப் படிப்பு. ஆனாலும் அட்டையில் ஒன்பது மலை, ஒரு கல்வாசல், நீளத் தலைமுடியோடு ஒரு பெண் என்று படம் போட்டிருந்தால் யாருக்கும் புரிந்துவிடும்.

அந்தப் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தில் நான் ஒரு களவு செய்திருக்கிறேன். இருபத்தெட்டு வருடம் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பித்தவள் எழுத வெட்கப்படவேண்டிய களவு. அது அக்காவுக்குத் தெரிந்துவிடும் என்பதுதான் என் பயம்.

கடை நானா

கதை எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் பக்கத்து டவுனான மஸ்கெலியாவில் தொடங்குகிறது. அங்கே குடை, டோர்ச், ரப்பர் செருப்பு விற்கிற ஒரு முஸ்லிம் கடை இருந்தது. முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள்; முதலாளியை எல்லோரும் கடை நானா என்றுதான் கூப்பிடுவோம். செருப்புப் பெட்டிகளுக்கு மேலே இரண்டு பலகை நிறைய நாவல் வைத்திருந்தார். எல்லாமே மாயமும் சாகசமும்தான். மந்திரவாதிகள், பாதாளக் கோட்டைகள், பேசும் கிளிகள், காணாமல் போன கிரீடங்கள். குடும்பக் கதை கேட்டால் "அது வீட்டுலயே இருக்கே" என்பார்.

காசு வாங்காமல் புத்தகம் கொடுப்பார். ஆனால் தோட்டத்துக்குப் போன புத்தகம் லயத்து வீடு வீடாகச் சுற்றும், திரும்பி வராது. அதற்கு நானா ஒரு வழி கண்டுபிடித்தார். ஒவ்வொரு புத்தகத்திலும் கடைசி அத்தியாயத்தை மட்டும் பிளேடால் அறுத்து எடுத்து, நூலால் கட்டி, பெரிய பிஸ்கட் டின் ஒன்றில் போட்டு வைத்துக்கொண்டார். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தால் டின்னைத் திறப்பார். வாசலில் இருக்கும் நீள மர வாங்கில் உட்கார்ந்து, முடிவை அங்கேயே வாசித்துவிட்டுப் போகவேண்டும்.

"புத்தகம் ஒங்களுக்கு, முடிவு கடைக்கு" என்பது அவருடைய சட்டம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வாங்கைப் பார்க்கவேண்டும். சந்தைப் பையை மடியில் வைத்துக்கொண்டு நாலைந்து பேர் வரிசையாக உட்கார்ந்து முடிவுகளை மட்டும் வாசித்துக்கொண்டிருப்பார்கள். திடீரென்று ஒருவர் "அடப்பாவி, தம்பிக்காரனா" என்பார். பக்கத்தில் இருப்பவர் காதைப் பொத்திக்கொள்வார்.

இதையும் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதீர்கள். நாவல் என்றாலே முடிவு தனியாகத்தான் இருக்கும் என்று நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். உயர்தர வகுப்பில் சேர்ந்த புதிதில் பள்ளிக்கூட நூலகத்தில் ஒரு நாவலை எடுத்து, கடைசிப் பக்கம்வரை ஒட்டியே இருப்பதைப் பார்த்து, "மிஸ், இதுல முடிவு அறுக்க மறந்துட்டாங்க" என்று சொன்னேன். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

மடுவத்து வாசிப்பு

எங்கள் தோட்டத்தில் மாலை நிறுவை நாலரை மணிக்கு. பெண்கள் கூடையோடு கொழுந்து நிறுக்கும் கொட்டகையில், மடுவத்தில், வரிசையாக நிற்பார்கள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து, அக்காவுக்குத் தேத்தண்ணிப் போத்தல் கொண்டுபோவேன். வரிசை நகரும் நேரத்தில் வாசித்துக்காட்டு என்று முதலில் கேட்டது அக்காதான். பிறகு பத்துப் பேர் கேட்டார்கள். ஒரு மாதத்துக்குள் மடுவமே கேட்டது.

தராசடியில் நிற்கும் கணக்கப்பிள்ளை கதை கேட்காத மாதிரி நிற்பார். ஆனால் செம்பிறை பாதாளக் கிணற்றில் தொங்கிக்கொண்டிருந்த அன்று, ஒரு கூடையை மூன்று தடவை நிறுத்தார்.

செம்பிறை என்பவள்தான் கதைநாயகி. அடிமையாக விற்கப்பட்டவள், கோட்டையிலிருந்து தப்பி, ஒன்பது கணவாய்களைத் தாண்டிப் போகிறாள். ஒவ்வொரு கணவாயிலும் ஒரு காவல்பூதம், ஒரு கேள்வி. ஒன்பதாவது கணவாயில் ஒரு கல்வாசல். அதைத் தாண்டினால் விடுதலை. ஆனால் தாண்டியவர் திரும்பி வந்ததில்லை.

பூதத்தைப் பற்றி எங்கள் பெண்கள் சந்தேகமே கேட்கவில்லை. அவர்களுடைய சந்தேகங்கள் வேறு.

"மூணு நாளா மழையில நடக்குறாளே, அட்டை கடிக்கலையா?"

"வெறுங்காலுலயா போறா? இடுப்புல படங்குச் சாக்கு ஒன்னும் கட்டலையா?"

"பனி பாலு மாதிரி இருந்துச்சாமே. நனையாதா அது?"

அட்டை கடிக்காத மலை எங்கே இருக்கிறது என்று அந்த மடுவத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. அடுத்த நாள் முதல் நானே அங்கங்கே ஒரு அட்டையைச் சேர்த்து வாசித்தேன். செம்பிறை ஒரு பாறையில் உட்கார்ந்து காலில் சுண்ணாம்பு தடவிக்கொண்டாள். எல்லோருக்கும் திருப்தி. பொய் சேர்த்து வாசிக்கும் பழக்கம் எனக்கு அப்படித்தான் வந்தது.

எழுதியவருக்கு மலை தெரியாது

நான் வாங்கிய புதுப் பதிப்பில் எழுதியவரின் மகள் ஒரு முன்னுரை போட்டிருக்கிறார். அதை வாசித்தபின் அட்டை விஷயம் விளங்கிவிட்டது. கதையை எழுதியவர் இந்தியாவில், கண்ணுக்கு எட்டியவரை வயல் மட்டும் இருக்கிற ஊரில், ஒரு நெல் ஆலையில் எழுத்தராக இருந்திருக்கிறார். பஸ் ஏறினால் வாந்தி வருமாம். அதனால் எந்த மலைக்கும் போனதில்லை. சாப்பாட்டு இடைவேளையில் ஆலைச் சத்தத்துக்கு நடுவே எழுதியவைதான் அவருடைய பதினான்கு நாவல்களும்.

மலையைப் பற்றி அவர் எழுதியது அவ்வளவும் பிழை. நடப்பதைப் பற்றி எழுதியது அவ்வளவும் சரி. கால் வலி, பசி, இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்காமல் இருக்கப் பழகுவது, இதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இந்த மாதிரிக் கதைகள் ஏன் இன்னும் பதிப்பாகிக்கொண்டே இருக்கின்றன என்று சக ஆசிரியர் ஒருவர் என்னிடம் கேட்டார். பாடத்திட்டத்தில் இருந்த பெரிய நூல்களைப் பரீட்சை முடிந்ததும் எடைக்குப் போடுகிறார்கள், இந்தப் பூதக்கதைகளை மட்டும் தேடி வாங்குகிறார்களே என்று அவருக்கு எரிச்சல். மனசுக்கு ஆறுதல், கற்பனை வளம் என்று ஏதோ சொன்னேன். அது சரியான பதில் இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

மடுவத்தில் நின்ற பெண்களுக்குப் பிடித்தது பூதம் இல்லை. ஒரு பெண் காலையில் எழுந்து, எந்தப் பக்கம் நடப்பது என்று தானே முடிவு செய்கிறாள். அதுதான் பிடித்திருந்தது. விடிந்ததும் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்று, இன்றைக்கு எந்த மலை என்று கேட்டுக்கொண்டு போகிறவர்களுக்கு அதற்குமேல் மந்திரம் தேவைப்படவில்லை. ஆலை எழுத்தருக்கும் அதே ஆசை இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். பஸ் ஏற முடியாத மனிதர் வேறு எதற்காக ஒன்பது கணவாய் கட்டுகிறார்?

"அவ போனா நானும் போறேன்"

இனி களவுக்கு வருகிறேன்.

அந்த வருடம் அக்காவுக்கு இருபத்திரண்டு, எனக்குப் பதினேழு. அப்பா இல்லை. அம்மாவுக்கு மூச்சிழுப்பு. வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்கு ஆள் எடுக்கிற ஒருவர் தோட்டத்துக்கு வந்து போய்க்கொண்டிருந்தார். அக்காவுக்குப் போக ஆசை. காசுக்காக மட்டும் இல்லை. கடல் பார்க்கவேண்டும், விமானத்தில் ஏறவேண்டும் என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

அக்கா போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிந்திருந்தால்தான் எங்களுக்கு லயத்தில் குடியிருக்கக் காம்பரா. அம்மாவால் முடியாது. நான்தான் கூடை எடுக்கவேண்டும். உயர்தர வகுப்பு, பரீட்சை, டீச்சர் வேலை எல்லாம் அதோடு சரி. இதை அக்காவிடம் நான் வாய் திறந்து சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. போனாலும் இரண்டு வருடத்தில் வந்துவிடுவேன், அதுவரை சமாளி என்று நினைத்திருப்பாள்.

ஒரு சனிக்கிழமை மடுவத்தில் கதை ஒன்பதாம் கணவாய் வாசல்வரை வந்து நின்றது. புத்தகம் முடிந்தது. முடிவு மஸ்கெலியாவில், டின்னுக்குள் இருந்தது. எல்லோரும் சேர்ந்து அக்கா பாக்கியத்தைக் கேலி செய்தார்கள்.

"என்னா பாக்கியம், ஒங்க ஆளு தாண்டுவாளா?"

"அவ போனா நானும் போறேன். திங்கக்கெழம பேர் குடுத்துருவேன்" என்றாள் அக்கா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து பஸ் ஏறினேன். நானா டின்னைத் திறந்து முடிவை எடுத்துக் கொடுத்தார். வாங்கில் உட்கார்ந்து வாசித்தேன். செம்பிறை ஒன்பதாம் பூதத்தின் கேள்விக்குப் பதில் சொல்கிறாள். கல்வாசல் திறக்கிறது. உள்ளே போகிறாள். வாசல் அவளுக்குப் பின்னால் மூடிக்கொள்கிறது. அந்தப் பக்கம் என்ன இருந்தது என்பதற்கு ஆசிரியர் ஒரே ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார். அதோடு சுபம்.

திரும்பி வரும் பஸ்ஸில் அந்த முடிவு என் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. தோட்டத்தில் வேறு யாருக்கும் தெரியாது. புத்தகமும் கையில் இல்லை. அந்த வசதிதான் என்னைக் கெடுத்தது.

திங்கள் மாலை மடுவத்தில் நான் சொன்ன முடிவு இதுதான். கல்வாசல் திறக்கிறது. செம்பிறை ஒரு காலை உள்ளே வைக்கிறாள். திரும்பிப் பார்க்கிறாள். தூரத்தில் அவள் பிறந்த ஊரில் ஒரு விளக்கு எரிகிறது. காலை எடுத்துக்கொண்டு, ஒன்பது கணவாயையும் திரும்ப நடந்து வீட்டுக்கு வந்துவிடுகிறாள். அம்மா அவளைக் கட்டிக்கொள்கிறாள்.

இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். கணக்கப்பிள்ளை தொண்டையைச் செருமினார். அக்கா காலிக் கூடையைத் தூக்கி முதுகில் மாட்டிக்கொண்டாள்.

அவள் வெளிநாடு போகவில்லை. அந்தப் பேச்சே பிறகு எழவில்லை. நான் பரீட்சை எழுதினேன், டீச்சரானேன். அக்கா கொழுந்து பறித்தாள், கல்யாணம் கட்டினாள், இரண்டு பிள்ளை பெற்றாள். என் முதல் சம்பளத்தில் அவளுக்கு வாங்கிய சேலையைக் கொடுத்தபோது முகத்தைப் பார்க்க முடியாமல் கீழே பார்த்துக்கொண்டு கொடுத்தேன். கூச்சம் என்று அம்மா சொன்னார். அது கூச்சம் இல்லை.

மடுவத்தில் அந்த முடிவைச் சொன்ன பிறகு கடையில் எனக்கு மட்டும் ஒரு சலுகை கிடைத்தது. அடுத்த தடவை போனபோது நானா ஒரு புத்தகத்தை முழுசாக நீட்டினார். "புள்ள, ஒனக்கு இனிமே முடிவோடயே தாறேன்" என்றார். மஸ்கெலியாவிலேயே முடிவோடு புத்தகம் வாங்குகிற ஒரே ஆள் நான்தான். என் நேர்மைக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

பதினொரு பக்கம்

இந்த வருடம், அட்டன் வீட்டில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் அக்காவுக்கு வாசித்தேன். அட்டை எதையும் சேர்க்கவில்லை. இரண்டாம் நாளே அக்கா கேட்டுவிட்டாள்.

"அட்டையெல்லாம் எங்க?"

"புது பதிப்புல எடுத்துட்டாங்க போல."

"ஓகோ" என்றாள்.

எட்டாம் நாள் கடைசி அத்தியாயம். பதினொரு பக்கம். பழைய முடிவையே மறுபடி சொல்லிவிடலாம் என்று கூட யோசித்தேன். அவளால்தான் வாசிக்க முடியாதே. ஆனால் அவளுடைய பேத்தி வாசிப்பாள், மகள் வாசிப்பாள். அதைவிட, ஐம்பது தாண்டிய வயதில் அதே பொய்யை அதே ஆளுக்கு இரண்டாம் தடவை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். செம்பிறை திரும்பி வரவில்லை என்பதை, விளக்கு நான் ஏற்றியது என்பதை, எதற்காக ஏற்றினேன் என்பதை. அக்கா பிளாஸ்டரின் ஓரத்தை நகத்தால் தடவிக்கொண்டே கேட்டாள்.

"தெரியும்" என்றாள்.

"என்னா தெரியும்?"

"அவ தாண்டிட்டான்னு தெரியும். நானா வாசிச்சுக் காட்டுனாரு."

பிறகு அவள் சொன்னதை அவள் பேச்சிலேயே எழுதுகிறேன்.

"நீ மடுவத்துல கதைய முடிச்ச அன்னிக்கு எனக்கு ரொம்பத் தைரியமாயிருச்சு. ஒன்பது மலை தாண்டிப் போனவளே திரும்பி வந்துட்டா. அப்ப போறதுல என்னா பயம்? புடிக்கலன்னா வந்துர்றது. மறு ஞாயித்துக்கெழம ஒனக்குச் சொல்லாம மஸ்கெலியாவுக்குப் போயி, பாஸ்போட்டுக்கு போட்டோ புடிச்சேன். வர்ற வழியில நானா கடையில கொடை கம்பி மாத்தக் குடுத்தேன். முடிவு நல்லா இருந்துச்சான்னு கேட்டாரு. நல்லவேள, திரும்பி வந்துட்டாளேன்னேன். 'யாரு புள்ள திரும்பி வந்தது?'ன்னாரு. டின்னத் தொறந்து எடுத்து, நின்னுக்கிட்டே வாசிச்சாரு. கதவு மூடிக்கிருச்சு, இனிமே தொறக்காதுன்னு வந்துச்சு பாரு, நான் கடைய விட்டு வெளிய வந்துட்டேன். அந்நேரம் பார்த்து பஸ்ஸு வந்து நின்னுச்சு. கொடையக் கூட வாங்காம ஏறிட்டேன். அவரு பின்னாலயே ஓடி வந்து, 'இன்னும் ஒரு பக்கம் இருக்கு புள்ள, கேட்டுட்டுப் போ'ன்னாரு. நான் எறங்கல."

அடுத்த வாரம் அவர் குடையைக் கொடுத்தனுப்பியபோது ஒரு சேதியும் சொல்லி அனுப்பினாராம். தங்கச்சியை ஏசவேண்டாம், சின்னப் பிள்ளையின் தலையில் முடிவை வைத்து அனுப்பியது தன்னுடைய பிழை, இனி அப்படி அனுப்பமாட்டேன் என்று. எனக்கு முழுசாகக் கொடுத்த புத்தகத்தின் மரியாதை அவ்வளவுதான்.

"அந்த போட்டோ?" என்று கேட்டேன்.

"அதத்தான் கல்யாணம் பேச மாப்பிள்ள வீட்டுக்குக் குடுத்தாங்க. ஒங்க அத்தான் கடைசி வரைக்கும் பர்சுல வச்சிருந்தாரே."

எனக்கு அழுகை வந்தது. கொஞ்சம் கோபமும் வந்தது. முப்பது வருடத்துக்கு மேல் அக்காவை நான்தான் தடுத்து வைத்தேன் என்று உள்ளுக்குள் தேய்ந்துகொண்டிருந்தேன். பார்த்தால், என் பொய் அவளை ஸ்டூடியோ வரைக்கும் அனுப்பி வைத்திருக்கிறது. உண்மைதான் அவளை வீட்டுக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறது.

"எங்கிட்ட ஏன் சொல்லல அக்கா?"

"என்னான்னு சொல்றது? பயந்துட்டேன்னா? ஒனக்காகப் போகாம நின்னேன்னு நீ நெனச்சிக்கிட்டிருந்த. அது எனக்கும் நல்லாத்தான் இருந்துச்சு." சேலைத் தலைப்பை மடித்து முடித்தாள். "சரி, வாசி. கதவு மூடுற எடத்துல நிறுத்திராத. இப்ப நான் எங்கயும் போறதுக்கில்ல, பயப்படாமக் கேக்கலாம்."

வாசித்தேன். பூதம் கேட்டது, செம்பிறை சொன்னாள், வாசல் திறந்தது. அவள் போனாள். கல் கல்லோடு பொருந்தி மூடிக்கொண்டது. அக்கா தலையை ஆட்டினாள். பக்கத்தைத் திருப்பினேன்.

கடைசிப் பக்கத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. விடிந்திருக்கிறது. கீழே கடல் தெரிகிறது. ஒரு சின்ன ஊர், ஒரு கிணறு. தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி நிமிர்ந்து பார்த்து, "எங்கேயிருந்து வருகிறாய்? ஏதாவது சாப்பிட்டாயா?" என்று கேட்கிறாள். செம்பிறை அவள் பக்கத்தில் போய் உட்கார்கிறாள். அவ்வளவுதான் கதை.

அக்கா பிளாஸ்டர் ஒட்டாத கண்ணால் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு அந்த பஸ்ஸு ஒரு அஞ்சு நிமிசம் லேட்டா வந்திருக்கலாம்" என்றாள்.